‘வாரேன்’ என்றால் போகிறேன் என்று பொருள்

1

நான் வாழும் நாட்டின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே என்னுடைய புகார் ஒன்று இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. அது முடியும்வரை எதையும் பெயர் சொல்லி எழுதிவிடாதே என்று என் கணவர் சரவணன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். குளிர் நாடு. தலைநகரம். அதன் நடுவில் ஒரு தேசிய விளையாட்டரங்கம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நேற்றோடு ஒரு வருடம். போன வருடம் அதே நாளில் அந்த அரங்கத்தின் நடைவழியில் இரண்டு காவலர்கள் என்னைக் குப்புறத் தள்ளி அமுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவரின் முழங்கால் என் முதுகில் இருந்தது. கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது. தரை மிகச் சுத்தம். எலுமிச்சை வாசனை அடித்தது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி, கரைசல் கலந்து, பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவது என் வேலை. காலை ஏழரைக்குப் பேருந்து, மாலை ஐந்துக்குத் திரும்பும் பேருந்து, நடுவில் ஒரு டப்பாச் சோறு. பதினெட்டு வருடத்தில் அந்த நாட்டில் நான் செய்த ஒரே குற்றம் நூலகப் புத்தகங்களைத் தாமதமாகத் திருப்பியது.

அரங்கத்துக்குள் ஒரு வருடம் கால் வைக்கக் கூடாது என்று எனக்குத் தடை போட்டார்கள். அந்தத் தடை நேற்று முடிந்தது. இதை நான் மதுரையில், ஆனையூரில், என் தம்பி குமார் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தடை முடிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. என் மகள் கயல் பெயரில் போட்ட எச்சரிக்கை இன்னும் அப்படியே இருக்கிறது. அது இருக்கும்வரை அவளை அடுத்த தேசியப் போட்டிக்குத் தேர்வு செய்ய மாட்டார்கள். அதை நீக்குவதற்காகத்தான் வந்திருக்கிறேன். ஒரே ஒரு சொல்லுக்கு இதுதான் பொருள் என்று முத்திரை குத்திய ஒரு தாள் வேண்டும். சொந்த ஊரில் சொந்தச் சொல்லுக்குச் சான்றிதழ் வாங்க விமானம் ஏறி வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

2

தடைக் கடிதம் வந்த உறையில் கூடவே ஒரு வழவழப்பான கையேடும் இருந்தது. அரங்கத்தின் வரலாறும் வசதிகளும். யாருக்கு எந்தக் கடிதம் போனாலும் அதையும் சேர்த்து அனுப்புவது அவர்கள் வழக்கமாம். உள்ளே வராதே என்று எழுதிவிட்டு, உள்ளே எவ்வளவு அழகு பார் என்று படமும் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

கோபத்தில் அதைக் கிழித்துப் போடாமல், கோபத்திலேயே அதை மனப்பாடம் செய்தேன். அந்த இடம் முதலில் சதுப்பு நிலமாம். பிறகு செங்கல் சூளைகள். பிறகு படையினர் அணிவகுக்கும் திடல். ஒரு போர் முடிந்து, வேலையில்லாத காலத்தில், ஊர்மக்களே மண் சுமந்து மேடு கட்டி, மரப்பலகைகள் அடித்து முதல் அரங்கத்தை எழுப்பினார்களாம். தலையில் துணி கட்டிய பெண்கள் கூடையோடு நிற்கும் பழைய படம் ஒன்று இருக்கிறது. மண் சுமந்தவன் முதுகில் விழுந்த பிரம்படி ஊரெல்லாம் விழுந்த கதை மதுரைக்காரர்களுக்குப் புதிதில்லை. அந்தப் பெண்களின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதுகு வலிக்கும். அவர்களிடம் வாயிலில் யாராவது குடும்பப் பெயர் கேட்டிருப்பார்களா?

மரப்பலகை போய் சிமெண்ட் வந்தது. சிமெண்ட் போய் இப்போதைய அரங்கம் வந்தது. மழை வந்தால் தானே மூடிக்கொள்ளும் கூரை. நீல நிற ஓடுதளம். பிள்ளைகள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள நிலத்தடிக் கூடம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம். பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தனி அறை. தொலைந்துபோன குழந்தைகளை உட்காரவைக்க, சுவரில் யானை வரைந்த ஓர் அறை. கழிப்பறைகளுக்கென்றே ஒரு முழுப்பக்கம். அந்தப் பக்கத்தை மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் அவசரகால ஒழுங்கு. போட்டிக்கு வந்த பிள்ளைகளைப் பெற்றோர் பதிவு செய்துகொடுத்த வாயிலில், பெற்றோரின் கையில்தான் ஒப்படைக்க வேண்டும். கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் வாயில் நான்காவது. படிவத்தில் நானே என் கையால் எழுதியது.

3

கயலுக்கு அப்போது பதினைந்து வயது. எண்ணூறு மீட்டர் ஓடுவாள். அன்று பள்ளிகளுக்கிடையிலான இறுதிப் போட்டி. காலையில் அரையிறுதியில் இரண்டாவதாக வந்திருந்தாள். பிற்பகலில் இறுதி ஓட்டம். பிள்ளைகள் கிழக்குப் பக்கம் நிலத்தடிக் கூடத்தில். பெற்றோர் மேற்குப் பக்கப் படிகளில். மடியில் தண்ணீர்ப் புட்டியும் அவளுடைய மேல்சட்டையும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

சங்கு ஊதியது. கிழக்குப் பக்கம் கீழ்த்தளத்திலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. எல்லோரும் வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் சொன்னது. தள்ளுமுள்ளு இல்லை. அந்த ஊர்க்காரர்கள் வரிசையாகவே பயப்படுவார்கள். வெளியே வந்து நான்காம் வாயிலை அடைந்தபோது கைப்பேசியில் கயலின் செய்தி வந்திருந்தது. ஆங்கில எழுத்தில் இரண்டு தமிழ்ச் சொல்.

அம்மா வாரேன்.

வருகிறாள். அப்படியென்றால் உள்ளே இருக்கிறாள். புகைக்குள் எங்கோ ஒரு படிக்கட்டில் ஏறி என்னிடம் வந்துகொண்டிருக்கிறாள். அழைத்தால் எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மற்றவர்களின் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அம்மாக்களின் தோளில் சாய்ந்தார்கள். எங்கள் பள்ளியின் மஞ்சள் சட்டை ஒன்றுகூட வரவில்லை. வாயிலில் கையில் பலகைக் கணினியோடு ஒரு பணியாளர் நின்றார். அவரிடம் போனேன்.

“பிள்ளையின் குடும்பப் பெயர்?”

“சரவணன்.”

“உங்கள் குடும்பப் பெயர்?”

“ராமசாமி.”

“சரவணன் யார்?”

“என் கணவர்.”

“அப்படியானால் அவருடைய குடும்பப் பெயர்?”

“பெரியகருப்பன்.”

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரே வீடு, மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். ஊரில் ஓர் எழுத்தையும் ஒரு புள்ளியையும் வைத்து முடித்த காரியம். அப்பா பெயரின் முதலெழுத்தை விரித்து எழுதச் சொன்ன நாளிலிருந்து நாங்கள் அங்கே ஒருவருக்கொருவர் யாரோ எவரோ. இதை விளக்க எனக்கு அந்த மொழி தெரியும். அன்று வாயில் வரவில்லை.

“பிள்ளையின் பெயரோடு பொருந்தும் பெற்றோர் பட்டியலில் நீங்கள் இல்லை, அம்மணி. தயவுசெய்து ஓரமாக நில்லுங்கள்.”

முக்கால் மணி நேரம் ஓரமாக நின்றேன். அந்த மனிதர் மரியாதை தவறவே இல்லை. அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பிறகு நான்காம் வாயிலின் ஷட்டர் மேலிருந்து இறங்கத் தொடங்கியது. என் பிள்ளை வரும் வழியை மூடுகிறார்கள். குனிந்து அதற்கடியில் நுழைந்து ஓடினேன். கயல், கயல் என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஒரு காலத்தில் நானும் எண்ணூறு மீட்டர்க்காரிதான். நல்ல தூரம் போன பிறகுதான் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில் கயல் எங்கே இருந்தாள்? ஊரின் மறுகோடியில், பள்ளி வளாகத்தில், சூடான சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தாள். சங்கு ஊதிய சில நிமிடங்களிலேயே அணி மேலாளர் பிள்ளைகளைக் கிழக்கு வாயில் வழியாகப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டார். பெற்றோருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், போன்களைப் பைக்குள் போடுங்கள் என்றாராம். சொல்லவில்லை. பேருந்துப் படியில் கால் வைக்கும்போது கயல் எனக்கு அனுப்பியதுதான் அந்தச் செய்தி.

அன்று மாலை சமையலறையில் நான் அவளைப் பிடித்து உலுக்கினேன்.

“வாரேன்னு சொன்னியேடி! வாரேன்னு சொல்லிட்டு எங்கடி போன?”

“வாரேன்னுதான் சொன்னேன். கிளம்பிட்டேன்னு சொன்னேன். போறேன்னு சொல்லக் கூடாதுன்னு நீதானம்மா சொல்லிக் குடுத்த?”

சொல்லிக் கொடுத்தேன். நான்கு வயதில் ஒருநாள் வாசலில் காலணியை மாட்டிக்கொண்டு “அம்மா, போறேன்” என்றாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்து, மறுபடி எழுப்பி, “வாரேன்னு சொல்லு” என்று சொல்லவைத்து அனுப்பினேன். குளிரில் பள்ளிப் பேருந்து காத்துக்கொண்டு நின்றது.

4

கழிப்பறைக்கு வருகிறேன்.

மதுரையில் நான் ஓடிய மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. இருந்தது என்று காகிதத்தில் இருந்திருக்கலாம். செம்மண் தடம், சுண்ணாம்புக் கோடு, ஒரு குழாய், நிழலுக்கு ஒரு வேப்பமரம். அவ்வளவுதான் வசதி. உடை மாற்ற வேண்டுமென்றால் நான்கு பேர் போர்வையைச் சுற்றிப் பிடிக்க, ஐந்தாவது ஆள் நடுவில் நிற்போம். சுவருக்கு மேலே பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பி.டி. டீச்சர் அவர்கள்மேல் கல்லெறிவார். அந்த டீச்சருக்கு நல்ல குறி.

காலை ஆறு மணியிலிருந்து யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் போக இடமில்லை. மாவட்டப் போட்டியில், சித்திரை வெயிலில், இரண்டாவது சுற்றின் கடைசித் திருப்பத்தில் நான் முதலாவதாக இருந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. கண் திறந்தபோது டீச்சர் முகத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, “எந்திரிடீ, எந்திரிடீ சனியனே, பயமுறுத்தாத” என்று அழுதுகொண்டிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் பார்க்க வந்திருக்கவில்லை. பெண்பிள்ளை ஓடுவதைப் பார்க்க யார் வருவார்கள்? அதற்குப் பிறகு ஓடவும் விடவில்லை.

போன வாரம் குமார் வண்டியில் என்னை அங்கே கூட்டிப்போனான். இப்போது செயற்கை ஓடுதளம். விளக்குக் கம்பங்கள். மாலையில் நடக்க வரும் கூட்டம் கோயில் பிரகாரம்போலச் சுற்றுகிறது. பெண்கள் என்று பலகை போட்ட புதிய கழிப்பறை இருந்தது. கதவில் பூட்டு. பக்கத்தில் நின்ற ஒரு பெண் காவலாளியிடம் கேட்டேன்.

“சாவி வச்சிருக்க அண்ணன் சாப்பிடப் போயிருக்காருக்கா.”

“எப்ப வருவாரு?”

“அவரு சாப்பிட்டா சாயந்திரமாகும்.”

“இப்பவே சாயந்திரந்தானே?”

“அதான் சொல்றேன், நாளைக்கு வாங்க.”

ஓடுதளத்தின் ஓரத்தில் சிறுமிகள் நான்கு பேர் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் தண்ணீர்ப் புட்டிகளைப் பார்த்தேன். நான்கும் நிறைந்திருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் பூட்டை ஓர் உதை விட்டேன். குமார் என் கையைப் பிடித்துக்கொண்டான். “யக்கா, அங்கதான் தடை போட்டாங்ய. இங்கயும் போட வச்சிராத.”

கயல் ஓடும் ஒவ்வொரு போட்டிக்கும் நான் ஏன் போகிறேன் என்று அந்த நாட்டில் என் தோழிகள் கேட்பதுண்டு. கழிப்பறை இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன் என்பேன். சிரிப்பார்கள்.

5

அரங்கத்தின் விசாரணை அறிக்கை ஆறு வாரத்தில் வந்தது. பிள்ளைகளை நான்காம் வாயிலில் ஒப்படைக்காமல் பேருந்தில் ஏற்றியது பற்றி அதில் ஒரு வரி இல்லை. அணி மேலாளர் பெற்றோருக்குச் சொல்லாதது பற்றி ஒரு வரி இல்லை. ஒரு வரி மட்டும் அடிக்கோடிட்டிருந்தது: தான் வந்துகொண்டிருப்பதாக மாணவி தன் தாய்க்கு அனுப்பிய தவறான தகவலே குழப்பத்துக்கு முதற்காரணம்.

அதாவது என் பிள்ளை பொய் சொல்லிவிட்டாள். கயலின் விளையாட்டுக் கோப்பில், ‘ஆபத்து நேரத்தில் பொறுப்பற்ற தகவல்’ என்று எச்சரிக்கை ஏறியது. மூன்று வருடம் இருக்குமாம்.

அவர்களிடம் அரசு அங்கீகாரம் பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒருவர். வாரேன் என்பதற்கு ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தியிருந்தார். என்னைத் தரையில் அமுக்கியதற்குத் தனியாக ஒரு புகார் கொடுத்துவிட்டு, இந்த எச்சரிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்தேன். வாரேன் என்றால் எங்கள் ஊரில் விடைபெறுவது என்று எழுதினேன். நிராகரித்தார்கள். மறுபடி எழுதினேன். இந்த முறை பதில் வந்தது: ‘அத்தகைய வழக்கு உண்மையில் நிலவுவதாகக் கூறப்படும் பகுதியைச் சேர்ந்த, சட்டத் தகுதியுள்ள ஒருவரின் முன்னிலையில் உறுதிமொழியிட்ட ஆவணம்’ இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் பரிசீலிப்பார்கள். கூறப்படும் பகுதி! மதுரை என்று ஓர் ஊர் இருக்கிறதா என்பதே அவர்களுக்குச் சந்தேகம்.

சரவணனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சிரும், பூங்கொடி. புள்ள படிப்பப் பாக்கட்டும்.”

“எதுக்கு மன்னிப்பு? தமிழ்ல பேசுனதுக்கா?”

“சத்தம் போடாத. பக்கத்து வீட்டுக்காரங்க போன் பண்ணீருவாங்க.”

அந்த வீட்டில் எங்கள் கோபத்துக்குக்கூட ஓர் ஒலியளவு உண்டு.

என்னை அரித்தது கயல்தான். அந்த நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வாரேன் என்ற சொல் வரவே இல்லை. வாசலில் நின்று ‘பை’ என்பாள். என்மேல் கோபம் இருந்தால், திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, “போறேன்” என்பாள். உள்ளே இழுத்துவந்து தண்ணீர் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

6

தல்லாகுளத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒரு குறுகலான மாடி அறையில் நோட்டரி இருந்தார். குமார் விசாரித்துக் கூட்டிப்போனான். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்த மனிதர். பக்கத்தில் கணினியில் தட்டச்சு செய்யும் செல்வி. எங்களுக்கு முன்னால் அலங்காநல்லூர்க்காரர் ஒருவர் நின்றார். ஒரு பத்திரத்தில் அவர் பெயர் கருப்பையா, இன்னொன்றில் கருப்பசாமி. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று அவருக்குத் தாள் வேண்டும்.

“ரெண்டு பேருல யாருய்யா இப்பக் கையெழுத்துப் போடப் போறது?” என்று நோட்டரி கேட்டார்.

“ரெண்டு பேருக்குமே கைநாட்டுத்தான் சார்.”

செல்வி மைப்பெட்டியை நகர்த்தினாள். அவர் விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார, நோட்டரி என்னைப் பார்த்தார்.

“ஒங்களுக்கு என்னம்மா? நெலமா, பேரா?”

“சொல்லு சார்.”

“நீங்கதான் சொல்லணும்.”

“இல்ல சார், ஒரு சொல்லு. வார்த்தை. வாரேன்னா போறேன்னு அர்த்தம்னு எழுதிக் குடுக்கணும்.”

அவர் குமாரைப் பார்த்தார். குமார் கூரையைப் பார்த்தான்.

“வாரேன்னா வாரேன். போறேன்னா போறேன். இதத் தலகீழா எழுதிக் குடுத்தா என்னையப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்ய. வேற ஏதாவது இருந்தாச் சொல்லுங்க.”

நான் முழுக் கதையையும் சொல்லத் தொடங்கினேன். அரங்கம், புகை, வாயில். பாதியில் அலங்காநல்லூர்க்காரர் தன் தாள் தயாரானதும் அதை மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டு எழுந்தார்.

“அப்ப வாரேன் சார். வாரேன் தாயி.”

“வாங்க, வாங்க,” என்றார் நோட்டரி, தலையைத் தூக்காமல். அந்த மனிதர் படியிறங்கிப் போனார்.

நான் படிக்கட்டைக் கைகாட்டினேன். “சார், அவரு எங்க வாராரு?”

“எவரு?”

“இப்ப வாரேன்னு சொன்னாரே.”

“அவரு ஊருக்குப் போயிட்டாரும்மா.”

செல்வியின் தட்டச்சு நின்றது. “சார், நீங்களும் வாங்கன்னுதான சொன்னீங்க? அவரு போயிட்டாரு!” என்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். குமார் சுவரில் சாய்ந்து சிரித்தான். நோட்டரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அட! இம்புட்டு வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன், இப்பத்தான் காதுல விழுகுது.”

“போறேன்னு சொன்னா எங்க மாமியா வெளக்கமாத்த எடுத்துரும் சார்,” என்றாள் செல்வி.

அதற்குப் பிறகு அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தானே சொல்லச் சொல்ல செல்வி அடித்தாள். மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் விடைபெறுவோர் ‘போகிறேன்’ என்பதை அமங்கலமாகக் கருதி ‘வாரேன்’ என்றே சொல்வர். விடைகொடுப்போர் ‘வாங்க’ என்பர். இதை எனது அலுவலகத்தில் இன்றும் நேரில் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு ஒரு வருடக் கோபம் குளிர்ந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர் முகத்தில் இதை விசிறி அடிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

“செய்தியை அனுப்பியது மகள். பெற்றுக்கொண்டது தாய். தாயின் சொந்த ஊர், மதுரை.” நோட்டரி நிறுத்தினார். “ஏம்மா, ஒரு சந்தேகம். எதிராளி கேப்பான், அதனால நான் மொதல்ல கேட்டுக்கிறேன். அந்த ஆபீசருக்கு அர்த்தம் தெரியாது, சரி. மொழிபெயர்த்த ஆளுக்குத் தெரியல, சரி. நீங்க மதுரக்காரங்க. புள்ள வாரேன்னு சொன்னா, கெளம்பிட்டான்னுல ஒங்களுக்குக் கேட்டிருக்கணும்? நீங்க ஏன் அங்கயே நின்னீங்க?”

“பொகை சார்! ஒங்க புள்ளைன்னா தெரியும்!” சத்தமாகவே சொன்னேன். கீழே ஜெராக்ஸ் கடைக்குக் கேட்டிருக்கும்.

அவர் கோபப்படவில்லை. செல்விதான் மெதுவாகக் கேட்டாள்: “யக்கா, பாப்பா இங்கிலீசுல நெனச்சுட்டுத் தமிழ்ல எழுதிருச்சுன்னு நெனச்சுட்டீகளோ?”

நான் கைப்பேசியை எடுத்து அந்தச் செய்தியை மறுபடி பார்த்தேன்.

அதுதான் நடந்தது. என் அம்மா அனுப்பியிருந்தால், குமார் அனுப்பியிருந்தால், எத்தனை புகை எழுந்தாலும் கிளம்பிவிட்டார்கள் என்றுதான் படித்திருப்பேன். கயல் அனுப்பியதால் அதை அவர்கள் மொழியில் படித்தேன். அங்கே பிறந்த பிள்ளைக்கு நம் வாரேன் எங்கே வரப்போகிறது, ஏதோ அகராதித் தமிழில் ‘வருகிறேன்’ என்று எழுதியிருக்கிறாள் என்று என் மூளை ஒரு நொடியில் முடிவு கட்டிவிட்டது. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் கற்றுக்கொண்டாள் என்று நம்பாதவளும் நான். ஒரு வருடமாக யாரை வாய்க்கு வந்தபடி திட்டினேனோ, அந்த மொழிபெயர்ப்பாளர் படித்தபடியேதான் நானும் படித்திருந்தேன். அவருக்காவது முத்திரை இருந்தது.

“எழுதிக்கங்க சார்,” என்றேன். “மகள் தான் கிளம்புவதைச் சரியாகத்தான் தெரிவித்தாள். தவறாகப் புரிந்துகொண்டது தாயாகிய நான்.”

குமார் பதறினான். “யக்கா, இந்த வரி வேணாம். நீ அவங்ய மேல போட்ட கேஸுக்கு இதே ஆப்பாயிரும். அந்தம்மாவே தப்பா வெளங்கிக்கிட்டு உள்ள ஓடுச்சு, பிடிச்சது சரிதான்னு சொல்லீருவாங்ய.”

“சொல்லட்டும்.”

“ஒன் முதுகுல கால வச்சாங்யக்கா!”

“எனக்குத் தெரியும்டா. முதுகு என்னோடது. இந்த வரி இல்லாம அவ பேருல இருக்க கறை போகாது.”

கையெழுத்துப் போட்டேன். பூங்கொடி ராமசாமி. நோட்டரி பச்சை மையில் கையெழுத்திட்டுச் சிவப்பு முத்திரையைக் குத்தினார். முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் புகாரை நான் திரும்பப் பெறவில்லை. ஒரு சொல்லை நான் தவறாகப் படித்தது உண்மை. ஆனால் கொட்டை எழுத்தில் அச்சடித்த ஒழுங்கை மீறிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றியவர்களும், பெற்ற தாயைப் பெயர் பொருந்தவில்லை என்று முக்கால் மணி நேரம் ஓரத்தில் நிறுத்தியவர்களும், கடைசியில் பதினைந்து வயதுப் பிள்ளையின் இரண்டு சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டவர்களும் அவர்கள்தான். அதற்கு எந்த அகராதியும் அவர்களைக் காப்பாற்றாது. காப்பாற்றினாலும் நான் எழுதிக்கொண்டே இருப்பேன். உறையில் வைத்து அவர்களின் கையேட்டை அவர்களுக்கே அனுப்புவேன்.

7

மதியம் கயலை அழைத்தேன். இங்கே வெயில் மாடியைப் பிளந்தது. அங்கே காலை, அவள் பயிற்சிக்குக் கிளம்பும் நேரம். தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தேன். அவளுக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்று நினைத்து, “படிச்சுக் காட்டவா?” என்றேன்.

“படிச்சிட்டேன்மா.”

“முழுசாவா?”

“முழுசா. கடைசி வரி நீயா சொன்ன, அவரா எழுதுனாரா?”

“நான்தான்.”

ஷூவின் ஒட்டுப்பட்டையை அவள் பிரிப்பதும் ஒட்டுவதும் கேட்டது.

“ஸீல் கோணலா இருக்கு,” என்றாள்.

“நம்ம ஊரு ஸீல் அப்படித்தான் இருக்கும். நேரா இருந்தாத்தான் சந்தேகப்படணும்.”

சிரித்தாளா என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் வந்தது. “ஒன் தடை முடிஞ்சிருச்சுல்ல? என்னைய செலக்ட் பண்ணுனா வருவியா?”

“நீ கூப்பிட்டா.”

“வந்து கத்தக் கூடாது.”

“கத்துவேன்.”

“சரி, கத்து. ஆனா டாய்லெட்டெல்லாம் போய்ச் செக் பண்ணாத. என் ஃபிரண்ட்ஸ் பாக்குறாங்க.”

“அது முடியாது.”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குளிர்காற்று அங்கிருந்து என் காதுக்குள் அடித்தது. வழக்கமான ‘பை’க்காகக் காத்திருந்தேன். மற்றதற்கும் மனத்தைத் தயார்படுத்திக்கொண்டேன்.

“அம்மா, வாரேன்.”

“வா,” என்றேன். போ என்று பொருள்.